கட்டளையைக் கேட்டு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினியில் தட்டச்சு செய்து இயக்கும் கட்டளையின் பெயர் மறந்துபோனால், வேண்டியதை வழக்கமான பேச்சில் எழுதிக் கேட்டாலே இன்று கணினி பதில் சொல்லிவிடுகிறது. இந்த ஆசை பழையது. 1980களிலேயே பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ராபர்ட் விலென்ஸ்கியின் குழு, யூனிக்ஸ் இயங்குதளத்தைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்டால் விடை தரும் 'யூனிக்ஸ் கன்சல்டன்ட்' என்ற நிரலை எழுதியது. கேட்பவர் சொல்லாமல் விட்டதை ஊகிப்பதுதான் இத்தகைய நிரலுக்குப் பெரும்பாடு. 'வட்டில் இடம் போதவில்லை, என்ன செய்யலாம்?' என்றால், எல்லாவற்றையும் அழிப்பதும் ஒரு விடைதான். கோப்புகள் வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

இயங்குதளத்தைச் சொல்லாமல் கேட்பது முதல் தவறு. கோப்புக்குள்ளேயே சொற்களை மாற்ற 'செட்' (sed) கட்டளையோடு 'ஐ' (-i) என்ற தெரிவைச் சேர்ப்போம். லினக்ஸில் அது போதும். மேக்கில் அடுத்ததாகக் காப்புப்பிரதியின் பின்னொட்டையும் தர வேண்டும்; வேண்டாமென்றால் வெற்று மேற்கோள் குறிகளையாவது இட வேண்டும்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, வந்த விடையைப் படிக்காமலே எண்டர் தட்டுவது. '30 நாளுக்கு மேற்பட்ட லாக் கோப்புகளை (நிகழ்வுப் பதிவுகளை) நீக்க வேண்டும்' என்று கேட்கிறீர்கள். விடையாகக் கோப்புகளைத் தேடும் 'ஃபைண்ட்' (find) கட்டளை வருகிறது. அது தன் நிபந்தனைகளை இடமிருந்து வலமாகப் பார்க்கும். அழிக்கச் சொல்லும் 'டெலீட்' (-delete) என்பது கோப்புப் பெயருக்கான நிபந்தனைக்கு முன்னால் வந்துவிட்டால், பெயரைப் பார்க்கும் முன்பே அழித்துவிடும். லாக் கோப்பு மட்டுமல்ல, எல்லாமே போய்விடும். குப்பைத் தொட்டியிலும் தேட முடியாது. வரிசை சரியாக இருந்தாலும் உள்கோப்புறைகளுக்குள்ளும் அது இறங்கும். நாளைக் குறிக்கும் நிபந்தனையான 'எம்டைம் +30' (-mtime +30) முழு நாள்களையே கணக்கிடுவதால், குறைந்தது 31 நாள் ஆன கோப்புகளே சிக்கும். அந்த நாளும் கோப்பை உருவாக்கிய நாள் அல்ல, கடைசியாக உள்ளடக்கம் மாறிய நாள். ஆகவே 'டெலீட்' இருக்கும் இடத்தில் 'பிரிண்ட்' (-print) என்று போட்டு முதலில் ஓட்டுங்கள். எவை அழியப்போகின்றன என்ற பட்டியலைக் கண்ணால் பார்த்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

பிழைச் செய்தியைச் சொந்த வார்த்தையில் சுருக்குவதும் வேண்டாம். 'ஓடவில்லை' என்பதிலிருந்து எதுவும் தெரியாது. 'அனுமதி இல்லை', 'கட்டளை இல்லை' இரண்டுக்கும் தீர்வு வேறு. வந்த வரியை அப்படியே ஒட்டுங்கள்.

இல்லாத தெரிவையும், இப்படிக் கேட்டால் விடை தரும் இந்த நிரல்கள் உறுதியான குரலில் சொல்வதுண்டு. அறியாத தெரிவு ஏதும் வந்தால், உங்கள் கணினியிலுள்ள 'மேன்' (man) என்ற கையேட்டுப் பக்கத்தில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டே இயக்குங்கள்.