ஆட்டோகேட் திணறும்போது நாம் செய்யும் தவறுகள்

எங்கள் அலுவலகத்தில் ஒரு தம்பிக்குப் புது சிஸ்டம் வாங்கிக் கொடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தனி கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம் எல்லாம் உண்டு. ஆனாலும் கட்டட வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில் சைட் பிளானை ஜூம் செய்தால் படம் விட்டு விட்டு வருகிறது. மவுஸ் வீலைச் சுழற்றி நிறுத்திய பிறகும் திரை பாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறது. "கார்டு பத்தலண்ணா, இன்னும் பெருசா ஒண்ணு போடணும்" என்று கொட்டேஷனும் வாங்கி வைத்துவிட்டான். சிபியுவைத் திருப்பிப் பார்த்தேன். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருந்தது. கீழே கார்டின் போர்ட்டுகளில் பிளாஸ்டிக் மூடிகள்கூடக் கழற்றப்படவில்லை. இரண்டு மாதமும் அவன் வேலை பார்த்தது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன கிராஃபிக்ஸில்.

கேபிளை மாற்றியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதி அந்த டிராயிங்கிலேயே இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். ஆட்டோகேட் மெதுவானால் உடனே கார்டு மேல் பழி போட்டுவிடுகிறோம். தாமதம் மெஷினில் இருக்கிறதா, ஃபைலில் இருக்கிறதா, நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. என் அனுபவத்தில் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

பிரித்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். ஒரு வெற்று டிராயிங்கைத் திறந்து நாலு வட்டம் போட்டு பேன் (படத்தைப் பக்கவாட்டில் நகர்த்துவது), ஜூம் செய்யுங்கள். அதுவே திணறினால் கோளாறு மெஷினில். அது நன்றாக ஓடி, குறிப்பிட்ட ஒரு ஃபைல் மட்டும் திணறினால், அதே ஃபைலைப் பக்கத்து மெஷினில் திறங்கள். அங்கேயும் திணறினால் கோளாறு ஃபைலில். சர்வரில் இருக்கும் ஃபைல் என்றால், எக்ஸ்ரெஃப் ஃபைல்களோடு (அந்த டிராயிங்கில் இணைத்திருக்கும் மற்ற டிராயிங்குகள்) சேர்த்து சி டிரைவில் ஒரு நகல் எடுத்துத் திறந்து பாருங்கள். வேகம் கூடினால் கோளாறு நெட்வொர்க்கில்.

(கீழே வரும் கமாண்டுகளை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாகத் தட்ட வேண்டும். பிரிக்ஸ்கேட் போன்ற மற்ற மென்பொருள்களில் பெயர்கள் சற்று மாறலாம், காரணங்கள் பெரும்பாலும் இவைதான்.)

ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை அணைத்துவிட்டு மறந்துபோவது

கிராஃபிக்ஸ்கான்ஃபிக் என்று தட்டினால் ஒரு பெட்டி திறக்கும். ஆட்டோகேட் எந்த கார்டைப் பயன்படுத்துகிறது, டிரைவர் பதிப்பு என்ன என்று அதில் எழுதியிருக்கும். தம்பியின் மெஷினை அன்றைக்கு அங்கே பார்த்திருந்தாலே விஷயம் தெரிந்திருக்கும். வாங்கிய கார்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இன்டெல் என்று இருந்தது.

அதே பெட்டியில் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன் சுவிட்சும் இருக்கிறது. திரை மினுங்கினாலோ கோடுகள் மறைந்தாலோ 'அதை ஆஃப் பண்ணு, சரியாயிடும்' என்று யாராவது சொல்வார்கள். சரியாகவும் ஆகும். ஆனால் அப்புறம் படம் வரையும் சுமை முழுக்க பிராசஸர் தலையில் விழுகிறது. அணைத்துப் பார்ப்பது சோதனைக்கு நல்லது. அணைத்ததும் நிலைமை தேறினால், டிரைவர் மேல் சந்தேகப்பட வேண்டும். கார்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புது டிரைவரை எடுத்து, பழையதை முழுக்க நீக்கும் தெரிவோடு போட்டுவிட்டு, சுவிட்சை மறுபடி ஆன் செய்யுங்கள். விண்டோஸ் அப்டேட் தானாகப் போடும் டிரைவர் போதும் என்று இருந்துவிடாதீர்கள். லேப்டாப்புக்கு, லேப்டாப் நிறுவனமே தரும் டிரைவரை முதலில் பார்ப்பது நல்லது.

லேப்டாப்பில் இன்னொரு சிக்கல், இரண்டு கிராஃபிக்ஸ் இருக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்த விண்டோஸ் சின்னதைத் தேர்ந்தெடுத்துவிடும். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய் ஆட்டோகேடைச் சேர்த்து, ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று வையுங்கள். பேட்டரியில் ஓட்டிக்கொண்டு வேகத்தை எடைபோட வேண்டாம், சார்ஜர் செருகியே சோதியுங்கள்.

கார்டுக்குப் பணத்தைக் கொட்டுவது

2டி டிராஃப்டிங் செய்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். ஆட்டோகேடின் பெரும்பாலான வேலைகள் பிராசஸரின் ஒரே கோரில்தான் ஓடுகின்றன. 16 கோர் இருந்தாலும் 15 சும்மா நிற்கும். அதனால் கோர் எண்ணிக்கையைவிட கிகாஹெர்ட்ஸ் முக்கியம். சிறிய அலுவலகத்தில் ஒரு கார்டின் விலை என்பது ஒருவரின் ஒரு மாதச் சம்பளமாகக்கூட இருக்கும். அதைச் செலவழிப்பதற்கு முன், டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் கனமான டிராயிங்கில் பேன் செய்யுங்கள். கார்டு பத்து சதவீதத்தில் தூங்கிக்கொண்டிருந்தால், அதைவிடப் பெரிய கார்டும் தூங்கத்தான் போகிறது. 3டி மாடல், ரெண்டரிங் என்றால் கணக்கு வேறு.

4கே மானிட்டர் மாட்டிய பிறகுதான் மெதுவானது என்றால் அதற்கு நேரடிக் காரணம் உண்டு. 1920க்கு 1080 திரையைப் போல நான்கு மடங்கு புள்ளிகளை அது நிரப்ப வேண்டும். அங்கே கார்டு நிஜமாகவே போதாமல் போகலாம்.

சர்வே டிராயிங்கின் மேலேயே அப்படியே வரைவது

இதுதான் தம்பி ஃபைலின் மீதிப் பாதி. சர்வேயர் டிஜிபிஎஸ் (துல்லியமான ஜிபிஎஸ் கருவி) வைத்து அளந்து கொடுத்த டிராயிங், யுடிஎம் ஆயத்தொலைவில் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தைக் குறிக்கும் முறை), மீட்டரில் இருந்தது. அதை மில்லிமீட்டருக்கு மாற்ற ஆயிரம் மடங்கு ஸ்கேல் செய்து, அதன் மேலேயே கட்டடத்தை வரைந்திருந்தான். சென்னைப் பக்கம் யுடிஎம் 44ஆம் மண்டலத்தில் வடக்குத் தொலைவு சுமார் 14.46 லட்சம் மீட்டர். மில்லிமீட்டரில் அது 144 கோடிக்கு மேல்.

டிராயிங் ஃபைல் எண்களை 64 பிட்டில் வைத்திருக்கிறது. 15 இலக்கம் வரை துல்லியம் இருப்பதால் அங்கே பிரச்சினை இல்லை. ஆனால் திரையில் வரையும் கார்டு பெரும்பாலும் 32 பிட் எண்களில் கணக்குப் போடுகிறது. அதில் நம்பக்கூடியது சுமார் 7 இலக்கம்தான். 144 கோடி என்ற அளவில், 32 பிட்டில் ஓர் எண்ணுக்கும் அதற்கு அடுத்த எண்ணுக்கும் நடுவே 128 இடைவெளி. அதாவது 128 மில்லிமீட்டர். நாலரை இஞ்ச் சுவரின் அகலமே 115 மில்லிமீட்டர்தான். ஒரு சுவரின் இரண்டு கோடுகளையும் சரியான இடத்தில் வைக்கவே அந்த எண்ணால் முடியாது. மென்பொருள் உள்ளுக்குள் நகர்த்திக் கணக்குப் போட்டுச் சமாளிக்கப் பார்க்கிறது. எல்லா இடத்திலும் அது எடுபடுவதில்லை. எழுத்துகள் நடுங்கும், வளைவுகள் முறுக்கு மாதிரி ஒடிந்து தெரியும், ஹேட்ச் (ஓர் இடத்தைக் கோடுகளால் நிரப்புவது) போட்டால் எல்லை கிடைக்கவில்லை என்று சொல்லும், கோட்டு முனையைப் பிடிக்கும் ஸ்னாப் தடுமாறும், ஒவ்வொரு ஜூமும் இழுக்கும்.

இங்கே பலர் யுசிஎஸ்ஸை (நாமே வைத்துக்கொள்ளும் ஆயத்தொலைவு அச்சு) மாற்றிவிட்டு, கட்டடம் பூஜ்யத்துக்கு வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். யுசிஎஸ் எங்கிருந்து, எந்தத் திசையில் அளக்கிறோம் என்பதைத்தான் மாற்றுகிறது. பொருள்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. உண்மையிலேயே நகர்த்த வேண்டும். சர்வேயர் கொடுத்த அசல் ஃபைலைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, நகலில் கிழக்கே 4,20,000, வடக்கே 14,46,000 என்பதுபோல முழு எண்களில் ஒரு புள்ளியை எடுத்து, அதைப் பூஜ்யத்துக்கு மூவ் செய்யுங்கள். மில்லிமீட்டருக்கு மாற்றுவதை இதற்குப் பிறகு, பூஜ்யத்தை மையமாக வைத்துச் செய்யுங்கள். எவ்வளவு நகர்த்தினீர்கள் என்று டிராயிங்கிலேயே ஓர் ஓரத்தில் எழுதி வையுங்கள். பின்னால் எல்லைக் கல் நட சர்வேயர் வரும்போது அந்த இரண்டு எண்களும் இல்லையென்றால் பெரிய தலைவலி.

ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் (எல்லாவற்றையும் திரைக்குள் காட்டுவது) கொடுத்ததும் மொத்த டிராயிங்கும் ஒரு புள்ளியாகச் சுருங்கினால், எங்கோ வெகு தூரத்தில் ஒரு துண்டுக் கோடோ வெற்று எழுத்தோ அநாதையாகக் கிடக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடி அழியுங்கள்.

ஹேட்ச், எக்ஸ்ப்ளோட், பிடிஎஃப்

ஹேட்சின் அளவைக் கவனிக்காமல் விடுவது இன்னொன்று. சாதாரண 45 டிகிரி ஏஎன்எஸ்ஐ31 ஹேட்சை மில்லிமீட்டர் டிராயிங்கில் ஸ்கேல் 1 என்று போட்டால், கோட்டுக்குக் கோடு 3.175 மில்லிமீட்டர் இடைவெளி. சதுரமான ஒரு ஏக்கர் மனையை அதால் நிரப்பினால் 28 ஆயிரம் கோடுகளுக்கு மேல் வரும். கண்ணுக்குக் கறுப்புத் திட்டாகத்தான் தெரியும். ஆனால் அத்தனை கோடுகளையும் மெஷின் சுமக்கிறது. 1:100 பிளானுக்கு ஸ்கேல் 100 வைத்தால் 283 கோடுகளோடு முடிந்துவிடும். புல், மணல், கான்கிரீட் பேட்டர்ன்கள் இன்னும் மோசம், ஒவ்வொரு கோடும் சின்னச் சின்னத் துண்டாக இருக்கும்.

பிளாக்கை (ஒரே பொருளாகத் தொகுத்த கோடுகளை) எக்ஸ்ப்ளோட் செய்து தனிக் கோடுகளாகப் பிரிப்பதைச் சிலர் வேகத்துக்கு வழி என்று நம்புகிறார்கள். நேர் எதிர். கல்யாண மண்டபத்தில் 600 நாற்காலி, ஒரு நாற்காலி பிளாக்கில் 40 கோடு என்று வையுங்கள். பிளாக்காக இருக்கும்வரை அந்த 40 கோடும் ஃபைலில் ஒரே ஒரு முறைதான் இருக்கும். எக்ஸ்ப்ளோட் செய்தால் 24,000 கோடுகள்.

2017 பதிப்பிலிருந்து பிடிஎஃப்பை உள்ளே கொண்டுவந்து கோடுகளாக மாற்றும் வசதி இருக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் ஒரு வளைவு நூறு துண்டாகவும், எழுத்துகள் குச்சி குச்சியாகவும் வந்து இறங்கக்கூடும். அதை நேராக வேலை டிராயிங்கில் கொட்டாமல் தனி ஃபைலில் இறக்கி, ஓவர்கில் (ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை நீக்கும் கமாண்டு) கொடுத்து, தேவையானதை மட்டும் எடுங்கள்.

பர்ஜ் ஒரு முறை போட்டால் போதும் என்று நினைப்பது

பர்ஜ் (பயன்படாத லேயர், பிளாக்குகளை நீக்கும் கமாண்டு) செய்தும் ஃபைல் கனமாகவே இருந்தால், பர்ஜ் முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டுத் தட்டி, வரும் தெரிவுகளில் ரெக்ஆப்ஸைத் தேர்ந்தெடுங்கள். பல இடங்களிலிருந்து காப்பி பேஸ்ட் செய்யும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வரும் பதிவுப் பெயர்கள் இவை. கண்ணுக்குத் தெரியாது, ஆயிரக்கணக்கில் சேர்ந்திருக்கும். பிறகு ஆடிட், ஃபைலில் உள்ள பிழைகளைத் திருத்தும் கமாண்டு. மைக்ரோஸ்டேஷன் டிஜிஎன் ஃபைலிலிருந்து வந்த கோட்டு வகைகளும் இப்படித்தான் ஃபைலிலிருந்து ஃபைலுக்குத் தொற்றிப் பரவும். அவற்றுக்கு டிஜிஎன்பர்ஜ் என்று தனிக் கருவியே இருக்கிறது. அனோட்டேடிவ் ஸ்கேல் (எழுத்து, அளவுக் குறிப்புகளுக்கான ஸ்கேல்) பட்டியல் நீண்டு கிடந்தால் அதையும் ரீசெட் செய்யுங்கள்.

கார்டுக்குச் சம்பந்தமே இல்லாத தாமதம்

லேஅவுட் (பிரிண்டுக்காகத் தாளில் அடுக்கும் பக்கம்) தாவலுக்குப் போனதும் அரை நிமிடம் உறைந்து நிற்கிறதா? அந்த லேஅவுட்டின் பேஜ் செட்டப்பில் எந்த பிரிண்டர் இருக்கிறது என்று பாருங்கள். எப்போதோ எடுத்துப்போட்ட நெட்வொர்க் பிரிண்டரின் பெயர் இருந்தால், ஆட்டோகேட் அதைத் தேடிக்கொண்டு காத்திருக்கும். பிடிஎஃப்புக்கோ நன் என்பதற்கோ மாற்றுங்கள். வேறு அலுவலகத்திலிருந்து வந்த ஃபைல் என்றால் எனக்கு முதல் சந்தேகமே இதுதான். கண்டுபிடிக்க முடியாத எக்ஸ்ரெஃப் பாதைகளும், காணாமல்போன படங்களும் இதே மாதிரி இழுத்தடிக்கும். எக்ஸ்ரெஃப் பட்டியலில் நாட் ஃபவுண்ட் என்று இருப்பவற்றை டிடாச் செய்து இணைப்பை நீக்கிவிடுங்கள்.

கர்சரைக் கோடுகள் மேல் கொண்டுபோகும்போது மட்டும் தட்டுத்தடுமாறினால், செலக்‌ஷன்பிரிவியூ, ரோல்ஓவர்டிப்ஸ் இரண்டையும் (கர்சருக்கு அடியில் இருப்பதை எடுப்பாகக் காட்டுவதும், குறிப்பு காட்டுவதும்) 0 ஆக்கிப் பாருங்கள். பழைய மெஷின்களில் இது உடனே தெரியும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவது

அவசரத்தில் டிரைவரை மாற்றி, பர்ஜ் செய்து, இப்படிப்பட்ட ஏழெட்டு வேரியபிளையும் (செட்டிங்ஸையும்) மாற்றினால், வேகம் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு வந்தால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். ஒன்றை மாற்றுங்கள், அதே டிராயிங்கில் அதே இடத்தில் ஜூம் செய்து பாருங்கள், பிறகு அடுத்தது.

கடைசியாகச் சிலர் ரீசெட் செட்டிங்ஸ் டு டீஃபால்ட் பக்கம் போவார்கள். கெட்டுப்போன செட்டிங்ஸுக்கு அது நிஜமாகவே பலன் தரும். ஆனால் பல வருடம் சேர்த்த டூல்பார், சப்போர்ட் ஃபைல் பாதைகள், ஷார்ட்கட்டுகள் எல்லாம் அதோடு போய்விடும். செய்வதற்கு முன் ஆப்ஷன்ஸில் புரொஃபைல்ஸ் தாவலுக்குப் போய் எக்ஸ்போர்ட் கொடுத்து அந்த ஏஆர்ஜி ஃபைலை எடுத்து வையுங்கள். ஷார்ட்கட்டுகள் இருக்கும் பிஜிபி ஃபைல், பிரிண்டுக்கான சிடிபி ஃபைல்கள் இரண்டையும் தனியே காப்பி செய்யுங்கள். ரீசெட் பெட்டியிலேயே பேக்கப் எடுத்துவிட்டு ரீசெட் செய்யும் தெரிவும் இருக்கும். அதையே அழுத்துங்கள்.