பிஎஸ்5-இல் டிஸ்க் இல்லாமல் கேம் இறக்குவது எப்படி

பிஎஸ்5, அதாவது பிளேஸ்டேஷன் 5 கேம் கருவிக்கு டிஸ்க் வாங்கினால் இன்ஸ்டால் வேலையே இல்லை என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. டிஸ்க்கைப் போட்டாலும் கேம் கருவிக்குள் இருக்கும் எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தில் ஏறித்தான் ஓடும், அப்புறமும் ஆடும்போதெல்லாம் டிஸ்க் உள்ளேயே இருக்க வேண்டும். பிளேஸ்டேஷன் ஸ்டோர் என்ற ஆன்லைன் கடையில் வாங்கினால் அந்தத் தொல்லை கிடையாது. அங்கே நீங்கள் காசு கொடுப்பது அக்கவுன்ட்டில் ஏறும் உரிமத்துக்கு. ஃபைலை எத்தனை தடவை வேண்டுமானாலும் அழித்துவிட்டுத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம்.

வாங்கும் முன் ஒன்று. 14 நாளுக்குள் காசைத் திருப்பிக் கேட்கலாம், ஆனால் டவுன்லோட் தொடங்கிவிட்டால், கேமில் கோளாறு இருந்தாலொழிய, அது போச்சு. மனசு ஊசலாடினால் டவுன்லோட் பட்டனில் கை வைக்காதீர்கள்.

சரி, எவ்வளவு நேரம் ஆகும்? 100 எம்பிபிஎஸ் இணைப்பு என்றால் நொடிக்கு 100 எம்பி இறங்கும் என்று நினைத்து ஏமாறாதீர்கள், அது பிட் கணக்கு, எட்டால் வகுத்தால் 12.5 எம்பிதான் வரும், ஆக 100 ஜிபி கேமுக்கு எல்லாம் ஒழுங்காக நடந்தாலே இரண்டே கால் மணி நேரம். வைஃபையில் அதைவிட இழுக்கும். ரவுட்டர் பக்கத்திலேயே இருந்தால் லேன் கேபிளைச் செருகிவிடுங்கள்.

ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குவதுதான் என் வழக்கம். முதல் தடவை ரெஸ்ட் மோடில், அதாவது முழுசாக அணைக்காமல் தூங்கவைக்கும் நிலையில், விட்டுவிட்டுப் படுத்தேன், காலையில் பார்த்தால் 12 சதவீதத்திலேயே நிற்கிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் சேவிங், அதற்குள் 'ஃபீச்சர்ஸ் அவைலபிள் இன் ரெஸ்ட் மோட்' என்று போய் 'ஸ்டே கனெக்டட் டு தி இன்டர்நெட்' ஆன் செய்திருக்க வேண்டும், நான் செய்யவில்லை. ஆன் செய்தபின் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே கேம் இறங்கும். அந்த விளக்கைப் பார்த்து, அணைந்துதான் இருக்கிறது என்று யாராவது பிளக்கைப் பிடுங்கிவிடாமல் வீட்டில் சொல்லி வையுங்கள்.

அடுத்த தலைவலி இடம். முதலில் வந்த பிஎஸ்5-இல் 825 ஜிபி என்று போட்டிருந்தாலும் நமக்குக் கிடைப்பது சுமார் 667 ஜிபிதான். யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் மாட்டினால் பிஎஸ்4 கேம்களை அதிலிருந்தே ஆடலாம். பிஎஸ்5 கேம்களை அதில் போட்டு வைக்க மட்டும்தான் முடியும், ஆடணும் என்றால் உள்ளே நகர்த்த வேண்டும், ஆனாலும் மறுபடி இறக்குவதைவிட இது எவ்வளவோ வேகம். உள்ளேயே இடம் கூட்ட எம்.2 என்ற வகை எஸ்எஸ்டி மாட்டிக்கொள்ளலாம். காசு செலவழிக்க மனசில்லையா, முடித்த கேமைத் தைரியமாக அழியுங்கள். எதுவரை ஆடினீர்கள் என்ற பதிவான சேவ் ஃபைல் தனியாக இருக்கும், கேமோடு சேர்ந்து போகாது.

ஸ்டோரில் காசாகப் பயன்படுத்தும் கிஃப்ட் கார்டு வாங்குபவர்கள் அக்கவுன்ட் எந்த நாட்டுக்குத் திறந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு மாமா ஆசையாக அனுப்பும் அந்த ஊர்க் கார்டு இந்திய அக்கவுன்ட்டில் ஏறாது.