தைராய்டு மாத்திரை, கால்சியம், இரும்பு: எதை எப்போது போடுவது?

போன வருடம் என் டி.எஸ்.எச். (தைராய்டுக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனை; மருந்து போதவில்லை என்றால் ஏறும்) அளவு 3-லிருந்து 9-க்கு ஏறிவிட்டது. தைராய்டு மாத்திரையை ஒரு நாள்கூட விட்டதில்லை. டாக்டர் டோஸைக் கூட்டவில்லை, "வேறென்ன மாத்திரை போடறீங்க?" என்றுதான் கேட்டார். எலும்புக்குக் கால்சியம், ரத்தசோகைக்கு இரும்பு. காலை டிபன் முடிந்ததும் இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தேன்.

கால்சியமும் இரும்பும் குடலில் தைராக்ஸினோடு, அதாவது தைராய்டு மாத்திரையில் இருக்கும் மருந்தோடு, ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது ரத்தத்தில் சேராமல் வெளியேறிவிடும். அதனால் நடுவில் 4 மணி நேரமாவது விட வேண்டும்.

முதலில், வீட்டில் இருப்பதையெல்லாம் மேசையில் பரப்பி அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். கால்சியத்தையும் இரும்பையும் தள்ளி வைத்த பிறகும் டி.எஸ்.எச். 6-க்குக் கீழே இறங்கவில்லை. டிபனுக்குப் பிறகு நெஞ்செரிச்சல் வந்தால் ஒரு மூடி குடிப்பேனே, அந்த ரோஸ் நிற ஜெல்! அதில் இருப்பது அலுமினியம், மெக்னீசியம் ஹைட்ராக்சைடு. அதுவும் தைராக்ஸினைத் தடுக்கும். மாத்திரை இல்லையே என்று அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மல்டிவிட்டமினையும் இப்படித்தான் மறந்துபோவோம். பலவற்றில் இரும்பு, கால்சியம், துத்தநாகம் எல்லாம் இருக்கும்.

அடுத்து நேரம். காலை 5.30-க்கு வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரில். காபி 6.30-க்கு. இந்த ஒரு மணி நேரம்தான் எனக்குப் பெரிய தவம்; ஆனால் காபியும் மருந்து சேர்வதைக் குறைக்கும் என்பதால் வேறு வழியில்லை. இரும்பு 11 மணிக்கு, எலுமிச்சை ஜூஸோடு. அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கிடையாது. கால்சியமும் இரும்பும் ஒன்றையொன்று தடுக்கும் என்பதால் கால்சியம் ராத்திரிச் சாப்பாட்டோடு.

கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடுதான் நன்றாகச் சேரும். சிட்ரேட் என்றால் எப்போதும் போடலாம். கார்பனேட் 1250 மி.கி. என்று போட்டிருந்தால் அதில் உண்மையான கால்சியம் 500 மி.கி. ஒரு வேளைக்கு அதுவே போதும். அதற்கு மேல் எழுதிக்கொடுத்திருந்தால் இரண்டு வேளையாகப் பிரிக்கலாமா என்று கேளுங்கள்.

மொபைல் அலாரம் எனக்குச் சரிப்படவில்லை, தூக்கத்திலேயே அணைத்துவிடுவேன். தைராய்டு டப்பாவும் ஒரு சொம்புத் தண்ணீரும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும், அவ்வளவுதான். மற்றவற்றுக்கு நேரவாரியாக அறை பிரித்த மாத்திரைப் பெட்டி வாங்குங்கள்.

நேரத்தை மாற்றியதும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். 6 முதல் 8 வாரம் கழித்து டெஸ்ட் எடுத்தால்தான் பலன் தெரியும். எனக்கு 2.8 வந்தது.

பின்சேர்க்கை: தைராய்டு மாத்திரையை ராத்திரி போடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். டாக்டர் சம்மதித்தால் போடலாம், சாப்பிட்டு 3 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஆனால் அப்போது கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்கு மாற்ற மறக்காதீர்கள். இன்னொருவருக்குச் சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்திருக்கிறார்கள். அதற்குக் கணக்கே வேறு: கால்சியம், இரும்பு போடுவதற்கு 2 மணி நேரம் முன்பாகவோ, போட்டு 6 மணி நேரம் கழித்தோதான் அதைப் போட வேண்டும். ஐந்தாறு நாள் கோர்ஸ்தான் என்றால், அதுவரை சத்து மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா என்று எழுதிக்கொடுத்தவரிடமே கேட்டுவிடுவது சுலபம்.