முதல் வேப் கிட்: எதை வாங்குவது, கொயிலைக் கருக்காமல் வைத்திருப்பது எப்படி

இந்தப் பதிவு பிரித்தானியாவில் வசிக்கும், சிகரெட் பிடிக்கும் பெரியவர்களுக்கானது. வேப் என்பது நிக்கொட்டின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்க வைக்கும் மின்கருவி. சிகரெட் பழக்கமே இல்லாதவர்கள் அதைத் தொட வேண்டாம். அதிலும் நிக்கொட்டின் இருக்கிறது, அதுவும் அடிமையாக்கும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதும், அவர்களுக்காக வாங்கிக் கொடுப்பதும் இங்கே குற்றம். இந்தியாவிலோ சிங்கப்பூரிலோ இருந்து வாசிக்கிறீர்கள் என்றால் நேரே கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

நான் பல வருடம் சிகரெட் பிடித்து, வேப்புக்கு மாறி, சிகரெட்டை முற்றாக விட்டவன். அதற்குப் பிறகு ஈஸ்ட் ஹாம், ஹரோ பக்கம் இருக்கும் நண்பர்கள், சொந்தக்காரர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கூடப் போய் முதல் கிட்டைத் தெரிவு செய்து கொடுத்திருக்கிறேன். வாங்கிய பிறகும் சிகரெட்டுக்குத் திரும்பியவர்களைக் கேட்டால் இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள். ஒன்று, "மச்சான், இது எனக்குக் காணாது." மற்றது, "கருகின மணம் வருது, தொண்டை எரியுது." முதலாவது நிக்கொட்டின் அளவைக் குறைத்து எடுத்ததால் வருவது. இரண்டாவது, கொயில், அதாவது திரவத்தைச் சூடாக்கும் பஞ்சு சுற்றிய சின்னக் கம்பி, நனைய முதலே இழுத்ததால் வருவது. தனக்கு மன உறுதி இல்லை என்று ஆள் தன்னையே நொந்துகொண்டிருப்பார். பிழையோ போத்தல் லேபிளிலும் பஞ்சிலும் இருக்கும். இந்த இரண்டையும் சரியாகச் செய்தால் போதும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வேப் பாதிப்பே இல்லாதது என்று நான் சொல்லவில்லை. சிகரெட்டை விடப் பாதிப்பு மிகக் குறைவு, ஆனால் முற்றிலும் பாதுகாப்பானது அல்ல என்பதுதான் என்.எச்.எஸ். சொல்வது. 2019இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. இங்கிலாந்தின் புகைநிறுத்த சேவைகளுக்கு வந்த 886 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு நிக்கொட்டின் பட்ச் (தோலில் ஒட்டுவது), கம் (மெல்லுவது) போன்றவை. மற்றப் பகுதிக்கு மீள நிரப்பும் வேப் கிட்டும் மில்லிலீட்டருக்கு 18 மி.கி. நிக்கொட்டின் உள்ள திரவம் ஒரு போத்தலும். இரு பகுதியினருக்கும் வாராவாரம் ஆலோசனையும் கிடைத்தது. ஒரு வருட முடிவில் சிகரெட் இல்லாமல் இருந்தவர்கள் முதல் பகுதியில் 9.9 வீதம், வேப் பகுதியில் 18 வீதம். அந்தக் கிட் விலை கூடிய பெரிய கிட் ஒன்றும் அல்ல. அதனால் கடைக்குப் போக முதல் உங்கள் ஜி.பி.யிடமோ உள்ளூர் புகைநிறுத்த சேவையிடமோ ஒருக்கால் கேளுங்கள். சில கவுன்சில்கள் தொடக்கக் கிட்டை இலவசமாகவே தருகின்றன.

முதல் படி: கிட்

எறிந்துவிடும் வேப்களின் விற்பனை 2025 ஜூன் 1 முதல் பிரித்தானியா முழுவதும் தடை. அதற்குப் பதிலாக இப்போது கடைகளில் தொங்குவதில் பாதி, திரவம் நிரப்பியே வரும் பொட்கள். பொட் என்றால் திரவமும் கொயிலும் சேர்ந்திருக்கும் சின்னக் கூடு. நிரப்பி வருபவை சுலபம்தான், ஆனால் மாதச் செலவு ஏறும். அந்தந்தக் கம்பெனியின் சுவைகளுக்குள்ளேயே நிற்கவும் வேண்டும். என் தெரிவு எப்போதும் நீங்களே நிரப்பும் பொட் கிட்.

கடைக்காரர் பெரிய பெட்டி போன்ற ஒன்றை எடுத்து, "இது நல்லா அடிக்கும், புகை மண்டும்" என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அது நேரே நுரையீரலுக்கு இழுக்கும் வகை. சிகரெட்டை நாம் முதலில் வாய்க்குள் இழுத்து, பிறகுதான் உள்ளே எடுக்கிறோம். கிட்டும் அப்படி இழுக்கக் கூடியதாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எம்.டி.எல். என்று கேட்டால் கடையில் விளங்கும்.

நான் திரும்பத் திரும்ப வாங்கிக் கொடுப்பது வேப்பரெஸ்ஸோ எக்ஸ்ரோஸ் வரிசை. மேலிருந்து நிரப்பலாம், காற்றின் அளவைச் சின்னத் தள்ளியால் கூட்டிக் குறைக்கலாம், அந்த வரிசையின் ஒரு மொடலின் பொட் மற்றொன்றுக்கும் பொருந்தும். பொட்டை முழுதாக எறியாமல் கொயிலை மட்டும் மாற்ற விரும்புகிறவர்களுக்கு யூவெல் கலிபர்ன் ஜி2 நல்லது. பெட்டிக்குள் இரண்டு வித பொட் அல்லது கொயில் இருந்தால் ஓம் எண் (கொயிலின் மின்தடை) கூடியதை எடுங்கள். 1.0 அல்லது அதற்குச் சற்று மேலே என்றால் சிகரெட்டுக்குக் கிட்டிய இறுக்கமான இழுவை. 0.6க்குக் கீழே போகப் போகப் புகை கூடும், திரவமும் கொயிலும் விரைவில் முடியும்.

இங்கே விற்கப்படும் எந்த பொட்டும் 2 மி.லி.க்கு மேல் கொள்ளக் கூடாது, நிக்கொட்டின் போத்தல் 10 மி.லி.க்கு மேல் போகக் கூடாது, நிக்கொட்டின் ஒரு மில்லிலீட்டருக்கு 20 மி.கி.யைத் தாண்டக் கூடாது. 2016ஆம் ஆண்டு விதி இது. இந்த எண்களை மீறிய பொருளைக் கடையில் கண்டால் அங்கே எதையும் வாங்காமல் வெளியே வாருங்கள்; மற்ற விதிகளையும் அந்தக் கடை மதிக்காது.

இரண்டாம் படி: திரவம்

பெரும்பாலானோர் இங்கேதான் தோற்கிறார்கள். "குறைவாக எடுத்தால் நல்லதுதானே" என்று 3 மி.கி. வாங்குவார்கள். நாளுக்கு ஒரு பெட்டி பிடித்தவருக்குச் சின்னப் பொட் கிட்டில் 3 மி.கி. எந்த மூலைக்கும் காணாது. நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருப்பார், பின்னேரம் ஒரு சிகரெட் வாங்குவார். காலையில் எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட் பற்ற வைப்பவர் 20 மி.கி. நிக்கொட்டின் சோல்ட்டில் தொடங்கலாம். நாளுக்குப் பத்துக்குக் குறைவாகப் பிடிப்பவருக்கு 10 மி.கி. போதும். சோல்ட் என்பது தொண்டையில் மென்மையாக இறங்கும் வகை. அதே அளவு சாதாரண நிக்கொட்டின் திரவம் தொண்டையை உறுத்தும். கூடிப்போனால் உடம்பே சொல்லும்: தலைச்சுற்று, குமட்டல். அப்போது வைத்துவிட்டுத் தண்ணீர் குடியுங்கள், அடுத்த போத்தலை ஒரு படி குறைத்து வாங்குங்கள்.

போத்தலில் இன்னொரு எண் இருக்கும்: பி.ஜி., வி.ஜி. விகிதம். பி.ஜி. எனப்படும் புரோபிலீன் கிளைக்கோல் நீர்த்தது, வி.ஜி. எனப்படும் கிளிசரின் தடித்தது. சின்னப் பொட்டுக்கு 50/50 வாங்குங்கள். 70 வீதம் வி.ஜி. உள்ளது பெரிய கிட்களுக்கானது. அதைப் பொட்டில் ஊற்றினால் பஞ்சுக்குள் போதிய வேகத்தில் ஊறாது, பஞ்சு கருகும்.

சுவையில் என் சாய்வு புதினா, மெந்தோல் பக்கம். இனிப்பு மிகுந்த டெசேர்ட் சுவைகளில் சேர்க்கும் இனிப்பூட்டி கொயிலில் படிந்து கறுத்துவிடும்; இரண்டு வாரம் வர வேண்டிய கொயில் சில நாளில் செத்துப்போகும். பழச்சுவை பிடித்தால் எடுங்கள், ஆனால் போத்தலை உயரத்தில் பூட்டி வையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது ஜூஸ் மணம். நிக்கொட்டின் திரவம் அவர்களுக்கு நஞ்சு. வாயில் போனதாகச் சந்தேகம் வந்தாலே உடனே உதவிக்கு அழையுங்கள். உங்கள் கையில் பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

தெரிந்தவரிடம், இணையத்தில் ஆள்முகம் தெரியாதவரிடம் திரவம் வாங்காதீர்கள். 2019இலும் 2020 தொடக்கத்திலும் அமெரிக்காவில் வேப்போடு தொடர்பான நுரையீரல் பாதிப்பால் 2,800க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள், 68 பேர் இறந்தார்கள். அதற்கு முக்கிய காரணமாகக் கண்டது, சட்டத்துக்கு வெளியே விற்ற கஞ்சாச் சாறு வேப்களில் கலந்த வைட்டமின் ஈ அசெற்றேற். மூடி உடைக்காத, லேபிள் உள்ள போத்தலை ஒழுங்கான கடையில் மட்டும் வாங்குங்கள்.

மூன்றாம் படி: நிரப்புவதும் ஊற விடுவதும்

இதை ஆறுதலாக வாசியுங்கள். பதிவின் மற்றப் பகுதிகளை விட இதுதான் முக்கியம்.

கொயிலுக்குள் இருப்பது ஒரு சின்னக் கம்பி வலையும் அதைச் சுற்றிய பஞ்சும். நம் வீட்டு விளக்குத் திரி மாதிரிதான். எண்ணெய் ஊறாத திரியைக் கொளுத்தினால் திரியே எரியும். புதுக் கொயிலும் காய்ந்த பஞ்சோடுதான் வருகிறது. நிரப்பின கையோடு இழுத்தால் ஒரே இழுவையில் பஞ்சின் நடுப்பகுதி கருகிவிடும். கருகின பஞ்சு திரும்பவும் நல்லாகாது. எவ்வளவு ஊற விட்டாலும், எந்தச் சுவை ஊற்றினாலும், அந்தக் கொயில் முடியும் வரை அதே கருகல்தான். அந்தப் புகையில் அக்ரொலின் போன்ற, தொண்டையைச் சுடும் பொருட்களும் உண்டு. சகித்துக்கொண்டு இழுக்கவே கூடாது.

எனவே இப்படிச் செய்யுங்கள். கொயில் தனியாகக் கழற்றக் கூடியது என்றால், பஞ்சு வெளியே தெரியும் துளைகளில் ஒவ்வொரு சொட்டுத் திரவம் விடுங்கள். நடுவே உள்ள காற்றுக் குழாய்க்குள் விட வேண்டாம், அது வாய்க்கு ஏறும். பிறகு பொட்டில் பொருத்தி, நிரப்பும் துளை வழியாக மெதுவாக நிரப்புங்கள். முட்ட நிரப்பாமல் மேலே கொஞ்சம் காற்றுக்கு இடம் விடுங்கள். மூடியை நன்றாக அழுத்தி மூடுங்கள்.

இப்போது மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போங்கள். பத்து நிமிடம். பெட்டியில் ஐந்து என்று போட்டிருந்தாலும் பத்து. குளிர்காலத்தில், கார் டிக்கியில் கிடந்த போத்தல் என்றால் திரவம் இறுகியிருக்கும். கால் மணி நேரம் விடுங்கள். தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடிய நேரம் சரியாக இருக்கும்.

பிறகு பொட்டைக் கிட்டில் போட முதல், வாயில் வைத்து இரண்டு மூன்று முறை மென்மையாகக் காற்றை மட்டும் இழுங்கள். கிட்டில் போட்டுவிட்டு இழுத்தால் தானாகச் சூடேறும் மொடல்கள் பல, அதனால்தான் வெளியே வைத்துச் செய்யச் சொல்கிறேன். இது திரவத்தைப் பஞ்சின் நடுவரை கொண்டுவரும். வாட் மாற்றக்கூடிய கிட் என்றால் கொயிலில் எழுதியிருக்கும் மிகக் குறைந்த எண்ணில் தொடங்கி, நாலைந்து சின்ன இழுவைக்குப் பிறகு மெதுவாக ஏற்றுங்கள்.

பொட்டில் திரவம் கால்வாசிக்குக் கீழே இறங்கினால் உடனே நிரப்புங்கள். பலர் கடைசிச் சொட்டு வரை இழுத்து, நல்ல கொயிலையும் கருக்குவது இங்கேதான்.

நான்காம் படி: இழுக்கும் விதம்

சிகரெட்டைப் போல் வேகமாக, பலமாக இழுக்க வேண்டாம். மூன்று நான்கு விநாடி மெதுவாக, ஒரே சீராக. இரண்டு இழுவைக்கு இடையே அரை நிமிடம் விட்டால் பஞ்சு திரும்ப நனையும். சிகரெட் அளவு வேகத்தில் நிக்கொட்டின் ஏறாது, அதனால் கொஞ்சம் பொறுங்கள். ஆரம்பத்தில் இருமல் வரலாம், பலருக்குச் சில நாளில் அடங்கிவிடும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

பராமரிப்பு

நாளுக்கு ஒருக்கால் பொட்டைக் கழற்றி, அடிப்பக்கமும் கிட்டின் உலோகத் தொடுமுனைகளும் ரிஷுவால் துடையுங்கள். "பொட் இல்லை" என்று விளக்கு மினுங்கினால் பத்தில் ஒன்பது முறை அங்கே ஈரம். கொயில் ஒன்று முதல் இரண்டு வாரம். சுவை மங்கி, திரவம் கறுத்தால் மாற்றுங்கள். கழுவிப் பாவிப்பதை நான் ஆதரிக்கவில்லை, பஞ்சு பழையபடி வராது.

சார்ஜ் செய்ய வேகச் சார்ஜர் வேண்டாம். கையேட்டில் உள்ள அம்பியரைப் பாருங்கள். படுக்கையில், தலையணைக்கு அடியில், இரவு முழுக்க என்று விடாதீர்கள். வீங்கின, விழுந்து நசுங்கின கிட்டைத் திரும்பப் பாவிக்காதீர்கள். பழையதைக் குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை லொறி தீப்பற்றலாம். வேப் விற்கும் கடையிலோ கவுன்சிலின் மீள்சுழற்சி நிலையத்திலோ கொடுங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

"களகள என்று சத்தம் வருது, வாய்க்குள் திரவம் தெறிக்குது" என்று பலர் எழுதினார்கள். பலமாக இழுப்பதுதான் பெரும்பாலும் காரணம், கொயிலுக்குள் திரவம் தேங்கிவிடுகிறது. பொட்டைக் கழற்றி, வாய்ப்பக்கத்தை ரிஷுவால் பொத்திப் பிடித்து, கீழ்நோக்கி இரண்டு தரம் உதறுங்கள். அடியையும் துடையுங்கள். தொடர்ந்தால் கொயிலை மாற்றுங்கள்.

விலை பற்றிக் கேட்டவர்களுக்கு: 2026 ஒக்டோபர் 1 முதல் 10 மி.லி.க்கு 2.20 பவுண்ட் புது வரி என்று அரசு அறிவித்திருக்கிறது. அதைப் பார்த்து வருடக்கணக்குக்கு வாங்கிக் குவிக்க வேண்டாம், போத்தலுக்குக் காலாவதித் திகதி உண்டு.

ஊருக்குப் போவது பற்றி வந்த கேள்விதான் அதிகம். விமானத்தில் கிட் கைப்பையில்தான் போக வேண்டும், அடியில் போகும் பெட்டியில் போடக் கூடாது, காரணம் பற்றரி. மேலே காற்றழுத்தம் குறைய பொட்டுக்குள் இருக்கும் காற்று விரிந்து திரவத்தை வெளியே தள்ளும், அதனால் ஏற முதல் பொட்டை வெறுமையாக்குங்கள். ஆனால் சென்னைக்குப் போகிறீர்கள் என்றால் கிட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இந்தியாவின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இறக்குமதி, விற்பனை, கொண்டுசெல்லல், சேமித்து வைத்தல் எல்லாவற்றையும் தடை செய்கிறது. இறக்குமதிக்கு முதல் குற்றத்திலேயே ஒரு வருடம் வரை சிறை, ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் வரலாம். சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம், 2025 செப்டெம்பரில் தண்டனையைக் கடுமையாக்கியும் விட்டார்கள். வழியில் அங்கே இறங்கி ஏறுகிறவர்களும் கவனம். வேறு நாடு என்றால் அந்த நாட்டு விதியை ரிக்கெற் போட முதலே பாருங்கள். பயண நாட்களுக்கு மருந்தகத்தில் கேட்டுப் பட்ச் வாங்கி, புறப்பட ஒரு வாரம் முன்பே இங்கே ஒட்டிப் பழகுங்கள். எந்த அளவு பட்ச் உங்களுக்குக் காணும் என்று அந்த வாரத்திலேயே தெரிந்துவிடும்.