நாயின் சீரத்தில் ஃபெரிட்டினை அளத்தல்

மாரி மழைக்குப் பின் வேலியோரத்து ஈரமணலைக் கிண்டிப் படுத்திருக்கும் நாய்க்குக் கொழுக்கிப்புழு தொற்றுவதும், அது குடலில் குருதியை உறிஞ்ச உறிஞ்ச உடலிலுள்ள இரும்பு குறைந்துபோவதும் யாழ்ப்பாணத்து வளவுகளில் புதிதல்ல. முரசு வெளிறிய அத்தகைய நாயிடம் இரும்பு எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை, இரும்பைத் தன்னுள் பொதிந்து வைக்கும் ஃபெரிட்டின் என்னும் புரதத்தை, குருதி உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்மமான சீரத்தில் அளந்து அறியலாம்.

மாதிரி எடுக்கும் முன்னரே ஆய்வுகூடத்தில் கேட்க வேண்டியது, அங்குள்ள சோதனைப்பெட்டி நாய்க்குரியதா என்பதே. மனித ஃபெரிட்டினைப் பிடிக்கவென ஆக்கப்பட்ட புரதங்களான பிறபொருளெதிரிகள் நாயின் ஃபெரிட்டினைச் சரிவரப் பற்றும் என்று கொள்ள முடியாததால், மனிதருக்கான இயந்திரம் அச்சிட்டுத் தரும் எண்ணை, அதில் எத்தனை தசமதானங்கள் இருந்தாலும், நான் நம்புவதில்லை.

மிருக வைத்தியர் கழுத்து நாளத்திலிருந்து எடுக்கும் குருதியை உறைதடுப்பி இல்லாத குழாயில் விட வேண்டும். குழாயைக் குலுக்கினால் செங்குழியங்கள் உடைந்து, அவற்றின் உள்ளடக்கம் சீரத்தில் கலந்து அளவீட்டைக் குழப்பும். அரை மணி நேரம் உறையவிட்டு, மையநீக்கியில் சுழற்றிப் பிரித்த சீரத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: வைக்கோல் நிறமாயின் நல்லது, ஜம்புக்காய்த் தோல்போல் சிவந்திருந்தால் மறுபடி எடுப்பதே மேல். உண்ணி பரப்பும் பபேசியா என்னும் குருதி ஒட்டுண்ணி தொற்றிய நாயில் செங்குழியங்கள் உடலுக்குள்ளேயே உடைவதால், மறுபடி எடுத்தாலும் அதே நிறம் வரக்கூடும். அன்றே சோதிக்க முடியாவிடில், சீரத்தைச் சிறு குழாய்களில் பிரித்து −20 பாகை செல்சியசில் உறையவைத்து, ஒருமுறை மட்டுமே உருக்குங்கள்.

அளவீட்டுக்கு உதவும் எலைசா என்னும் நொதிவழிச் சோதனையில், தட்டின் குழியில் ஒட்டியுள்ள பிறபொருளெதிரி ஃபெரிட்டினைப் பிடிக்க, நொதி இணைத்த இன்னொன்று அதன்மேல் அமர்கிறது. வழமையாகப் பயன்படும் நிறப்பொருளை விட்டதும் நீலமும், அமிலத்தை விட்டதும் மஞ்சளும் தோன்றும். அந்த மஞ்சளின் அடர்த்தியை 450 நனோமீற்றர் அலைநீளத்தில் வாசித்து, செறிவு தெரிந்த நியமக் கரைசல்களின் வளைகோட்டிலிருந்து விடையைப் பெற வேண்டும். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு குழிகளில் இடுங்கள்; இரண்டும் ஒத்துவராவிடின் பெரும்பாலும் இடையிடையே குழிகளைக் கழுவுதலில்தான் பிழை இருக்கும். வளைகோட்டின் உச்சியைத் தாண்டும் மாதிரியை ஐதாக்கி மீண்டும் அளக்க வேண்டும்.

குறைந்த பெறுமானம் வந்தால் சேமிப்பு தீர்ந்துவிட்டதென்று பெரும்பாலும் துணியலாம். ஆனால் அழற்சியிலும் ஈரல் நோயிலும் ஃபெரிட்டின் உயர்வதால், உண்ணிக் காய்ச்சலும் கொழுக்கிப்புழுவும் சேர்ந்துள்ள நாயில் இயல்பான எண்ணே வந்தாலும் இரும்புக் குறைபாடு மறைந்திருக்கலாம். ஆகவே சீர இரும்பையும் செங்குழியங்களின் பருமனையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மலத்தில் புழு முட்டை தேடும் மலிவான சோதனையை, இவை எல்லாவற்றுக்கும் முன்னரே நான் செய்விப்பேன்.