‘டவுட்’: சந்தேகம் என்று நினைத்து நாம் செய்யும் தவறுகள்

தமிழில் ‘சந்தேகம்’ மூன்று வேலை பார்க்கிறது. புரியாததைக் கேட்பதும் சந்தேகம், நம்பத் தயங்குவதும் சந்தேகம், ‘இவன்தான் செய்திருப்பான்’ என்று நினைப்பதும் சந்தேகம். ஆங்கிலத்தின் ‘டவுட்’ நடுவில் உள்ளதை மட்டுமே செய்யும்.

வகுப்பில் “சார், ஐ ஹேவ் எ டவுட்” என்றால் நம் ஊர் ஆசிரியருக்குப் புரியும். அதையே லண்டனில் இருப்பவருக்கு “ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் ரிப்போர்ட்” என்று மெயிலில் எழுதினால், அறிக்கையை நீங்கள் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்வார். “ஐ ஹேவ் எ கொஸ்டின் அபவுட் யுவர் ரிப்போர்ட்” என்று எழுதுங்கள். “கிளியர் மை டவுட்” வேண்டாம், “கேன் யூ எக்ஸ்பிளெயின் திஸ்?” போதும்.

இதைவிட ஆபத்தானது மூன்றாவது பொருள். பணத்தை அவன்தான் எடுத்திருப்பான் என்ற எண்ணத்தில் “ஐ டவுட் ஹி டுக் த மணி” என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு ‘அவன் எடுத்திருக்க மாட்டான்’ என்று அர்த்தம். நேர் எதிர்! நாம் சொல்ல வந்ததற்கு உரிய சொல் ‘சஸ்பெக்ட்’. டெங்குவாக இருக்குமோ என்று மருத்துவர் நினைத்தாலும் அதுவே: “த டாக்டர் சஸ்பெக்ட்ஸ் டெங்கு”. வாயைத் திறக்குமுன் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘மாட்டான்’, ‘இருக்காது’ என்று முடிந்தால் டவுட். ‘இருக்கும்’ என்று முடிந்தால் சஸ்பெக்ட். நீதிமன்றச் செய்திகளில் ‘சந்தேகத்தின் பலன்’ (‘பெனிஃபிட் ஆஃப் த டவுட்’) குற்றம் சாட்டப்பட்டவருக்கே கிடைப்பதும் இதனால்தான். அங்கே சந்தேகம் அவர்மேல் அல்ல, குற்றச்சாட்டின்மேல்.

‘நோ டவுட்’ என்பதிலும் கவனம் தேவை. “நோ டவுட் ஹி இஸ் பிஸி” என்றால் பெரும்பாலும் ‘வேலையாக இருப்பார் போல’ என்ற ஊகம்தான். அடித்துச் சொல்ல வேண்டுமானால் ‘வித்தவுட் டவுட்’ அல்லது ‘தேர் இஸ் நோ டவுட் தட்’.

“ஐ ஆம் டவுட்டிங்” என்பது பொதுவாகப் பிழை. “ஐ டவுட் இட்” என்பதே இயல்பு. “டவுட் ஆன் ஹிம்” என்பதும் தவறு. “ஐ ஹேவ் மை டவுட்ஸ் அபவுட் ஹிம்” என்று சொல்லுங்கள்.

எழுதும்போது நடுவில் வரும் ‘பி’ எழுத்தை விட்டுவிடாதீர்கள். பிரெஞ்சிலிருந்து இச்சொல் வந்தபோது அந்த எழுத்து இல்லை. லத்தீன் மூலத்தைப் பார்த்துப் பின்னால் சேர்த்தார்கள். உச்சரிப்பு மட்டும் பழையபடியே நின்றுவிட்டது.