பஞ்சரத்னத்தை முழுமையாகக் கேட்க விரும்புவோருக்கு

ஓர் ஆல்பத்தின் பாடல்களை வரிசை மாறாமல் மேடையில் முழுவதும் இசைக்கும் வழக்கம் மேலைநாட்டு இசைக்குழுக்களிடம் உண்டு. அதற்கு நிகரான அனுபவத்தைக் காவிரிக் கரையில் தேடுவோர், திருவையாற்றில் கர்நாடக இசை மேதை தியாகராஜரின் நினைவு விழாவான ஆராதனையின்போது, புஷ்ய பகுள பஞ்சமியன்று (புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாள்) காலையில் நடைபெறும் பஞ்சரத்ன கோஷ்டிகானத்துக்குச் (பலர் சேர்ந்து பாடும் நிகழ்ச்சிக்கு) செல்லலாம். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய கன (கம்பீரமான) ராகங்களில் அமைந்த அவருடைய ஐந்து கீர்த்தனைகளும் இதே வரிசையில் ஒரே அமர்வில் பாடப்படுகின்றன.

திதி ஆண்டுதோறும் மாறுவதால், பஞ்சாங்கத்தைப் பார்த்த பின்னரே பயணத்தை உறுதிசெய்யுங்கள். பெரும்பாலும் ஜனவரியில் வரும். தஞ்சாவூரிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர்தான் என்றாலும், பாடுவோருக்கு அருகில் தரையில் இடம் கிடைப்பது அரிது என்பதால் விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடுவது நல்லது.

முக்கியமானது கேட்கும் முறை. ஐந்துமே எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் அமைந்தவை. முதலாவது வடமொழியிலும் மற்றவை தெலுங்கிலும் உள்ளன. சரணங்களில் முதலில் ஸ்வரத்தையும் (ச ரி க ம) பிறகு அதே மெட்டில் சாகித்யத்தையும் (பாடல் வரிகளையும்) பாடுவதால், இரண்டையும் தமிழ் எழுத்தில் மேலும் கீழுமாக அச்சிட்ட புத்தகம் ஒன்று கையில் இருந்தால், மொழி தெரியாதவர்களும் இடம் தவறாமல் தொடரலாம். ஆரபியில் ஒவ்வொரு சரணம் முடிந்ததும் அதே சொற்றொடருக்குத் திரும்புவார்கள். நடுவில் விட்டுவிட்டவர்கள் அங்கே சேர்ந்துகொள்ளலாம். நுணுக்கம் தேடுபவர்களுக்குப் பல குரல்கள் கலந்த ஒலி சற்றே ஏமாற்றம் அளிக்கக்கூடும் (என் கருத்தில் அது குறையன்று). அத்தகையோர் தனிக்குரல் பதிவு ஒன்றை முன்னதாகக் கேட்டுவிட்டு வருவது நலம். கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டால், தாளம் போடக் கை இருக்கும்.